அந்த ஊர் கரண்ட்

இதைக் கேட்டு முடித்ததும் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நினைப்பேன், அதனால் முதலில் நான் எப்படிப்பட்ட ஆள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மின்வாரியத்தில் சப்-ஸ்டேஷன் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தாமிரபரணிக்கு இரண்டு பக்கமும் வயல்காட்டுக்கு நடுவே இருக்கிற சப்-ஸ்டேஷன்களில்தான் என் காலமெல்லாம் போனது. அங்கே டூட்டிக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். டிரான்ஸ்பார்மர் நிற்கிற யார்டுக்குள் யாரோ குந்தியிருக்கிறார்கள், கம்பி மேலே தீ நடந்து போகிறது, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்பார்கள். நான் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். மழை ஈரத்தில் இன்சுலேட்டரைச் சுற்றி நீலமாக ஒளி கசியும், அதுதான் அவர்கள் சொன்ன தீ. ஒரு தடவை ஆந்தை. இன்னொரு தடவை காவலுக்கு வந்தவரின் ரப்பர் செருப்புச் சத்தம். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று சொல்லித் திரிந்தவன். இப்போதும் மற்ற விஷயங்களில் அப்படித்தான் சொல்கிறேன்.

எங்கள் வீடு கொக்கிரகுளத்தில், ஆற்றுப் பாலத்திலிருந்து நடக்கிற தூரம். வீட்டில் நானும் என் மனைவி வடிவும் மட்டும்தான். ஒரே மகள் பூரணி. இங்கேயே இன்ஜினியரிங் படித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, அப்புறம் அமெரிக்கா போனவள். பனி கொட்டுகிற ஊர். அடுக்குமாடியில் ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். தீபாவளிக்கு லீவில் வந்தபோது ஆள் நீளத்துக்கு ஓர் அட்டைப் பெட்டியை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். உள்ளே அவள் பாட்டு வாசிக்கிற கீபோர்டு. அங்கே போன புதிதில் அவள் ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருளே அதுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன் என்று போனில் சொல்லுவாள். பிறகு எதற்கு இங்கே கொண்டுவந்தாய் என்று கேட்டதற்கு, வாசிக்க நேரமே இல்லையப்பா, அம்மா சின்ன வயசில் பாட்டு படித்தவள்தானே, அவள் வாசிக்கட்டும் என்றாள். வேலை அதிகம் போலிருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அவள் திரும்பிப் போன பிறகுதான் பெட்டியைப் பிரித்தோம். ஒயரின் நுனியில் பட்டையாக இரண்டு பின், நம் சாக்கெட்டில் நுழையவே நுழையாது. வடிவு பக்கத்துக் கடையில் ஒரு மாற்றுப் பின்னை வாங்கிவந்து சொருகப் போனாள், நான்தான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். கீபோர்டின் பின்பக்கத் தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். நேராகக் கொடுத்திருந்தால் உள்ளே இருக்கிற டிரான்ஸ்பார்மர் புகைந்து போயிருக்கும்.

ஜங்ஷன் பக்கம் போய் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி வந்தேன். செங்கல் கனத்தில் ஓர் இரும்புப் பெட்டி. ஒரு பக்கம் நம் மின்சாரத்தைக் கொடுத்தால் மறுபக்கம் அமெரிக்க அளவுக்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும். இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் நான் ஏன் பயந்தேன் என்பது புரியாது. நம் ஊர் மின்சாரம் ஒரு விநாடிக்கு ஐம்பது தடவை ஆடுகிறது. அமெரிக்காவில் அறுபது தடவை, தகட்டில் போட்டிருந்த 60 ஹெர்ட்ஸ் அதுதான். அந்த இரும்புப் பெட்டி வோல்டேஜைத்தான் குறைக்கும், ஆட்டத்தை மாற்றாது, மாற்றவும் முடியாது, உள்ளே இருப்பது வெறும் செம்புக் கம்பியும் இரும்புத் தகடும்தான். ஐம்பதில் ஓடினால் கீபோர்டு கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், வாசிப்புக்கு ஒன்றும் ஆகாது. இது என் தொழில், இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

மார்கழி பிறந்த சமயம். ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. வடிவு பைய ஸரளி வரிசை வாசித்தாள், நன்றாகத்தான் இருந்தது. அவள் விரலை எடுத்த பிறகு ஸ்பீக்கரில் மெல்லிசாக ஒரு முனகல் மட்டும் நின்றது. அது எல்லாக் கருவியிலும் இருக்கும், மின்சாரத்தின் ஆட்டம்தான் அப்படி முனகும். ஆனால் இந்த முனகல் என் காதில் உறுத்தியது. ஆயுசு முழுக்கப் பெரிய டிரான்ஸ்பார்மர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான், நம் மின்சாரம் எந்தச் சுருதியில் முனகும் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். இது அதைவிட மேலே இருந்தது. வடிவை பிரிட்ஜின் முனகலையும் இதையும் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் வாய்க்குள் பாடிப் பார்த்துவிட்டு, ரெண்டும் வேற வேற சுருதிதான், அதுக்கு இப்ப என்ன என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் என்னோடு வேலை பார்த்த இசக்கியை அந்த ஆட்டத்தை எண்ணிக் காட்டுகிற மீட்டரோடு வரச் சொன்னேன். என்னைவிடச் சின்னவன், இன்னும் சர்வீஸில் இருக்கிறான். சாக்கெட்டில் மீட்டரை வைத்தான், ஐம்பது. இரும்புப் பெட்டியின் மறுபக்கத்தில் வைத்தான், ஐம்பது. கீபோர்டை மாட்டிவிட்டு அதே இடத்தில் வைத்தான், அறுபது. கழற்றினால் ஐம்பது, மாட்டினால் அறுபது. வேறு மீட்டர் கொண்டுவந்து பார்த்தோம், அதுவும் அதையேதான் சொன்னது. பிறகு கீபோர்டையும் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றி இசக்கி வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினோம். அங்கே ஐம்பதுதான் காட்டியது, முனகலும் நம் ஊர் முனகல். திரும்ப என் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அறுபது.

இசக்கி காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தான். அப்புறம் சொன்னான், “அண்ணாச்சி, நான் இதப் பாக்கல. நீங்களும் பாக்காண்டாம். பேசாம வித்துருங்க.” அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் இந்தப் பேச்சை எடுத்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

விற்றிருக்கலாம். ஆனால் மகள் கொடுத்த பொருளை எப்படி விற்பது. அதோடு, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும் என்கிற பிடிவாதமும் இருந்தது. அந்த வாரமே எங்கள் பகுதிக்குப் பராமரிப்புக்காக ஷட்டவுன் வந்தது. காலையில் மின்சாரம் போனது. பேன் நின்றது, அடுக்களையில் மிக்ஸி நின்றது, தெருவில் வெல்டிங் பட்டறைச் சத்தம் நின்றது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. நம்பினால் நம்புங்கள், கீபோர்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, முனகல் கேட்டது. டெஸ்டரை சாக்கெட்டில் வைத்தேன், எரியவில்லை. கீபோர்டுக்குப் போகிற பின்னைப் பிடுங்கினேன், விளக்கு அணைந்தது. செத்துக் கிடந்த அதே சாக்கெட்டில் திரும்பச் சொருகினேன், விளக்கு எரிந்தது. வெளியே வெயில் அடிக்கிறது, கீரைக்காரி தெருவில் கூவிக்கொண்டு போகிறாள், நான் தரையில் டெஸ்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். லைன் டிரிப் ஆகி மின்சாரம் நின்றால் பிரேக்கரைப் போடத் தெரியும், கம்பி அறுந்தால் எந்தக் கம்பத்தில் என்று கண்டுபிடிக்கத் தெரியும். இதற்கு எங்கே போய் எதை நிறுத்துவது?

சத்தங்களை முதலில் கேட்டது வடிவுதான். ஒரு சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து கீபோர்டு முன்னால் உட்கார்ந்தவள் வாசிக்காமல் அப்படியே இருந்தாள். “இங்கேருங்க, இதுக்குள்ள யாரோ கதவத் திறக்காங்க” என்றாள். ஸ்பீக்கரில் காதை வைத்தேன். முனகலுக்கு அடியில், அடுத்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ புழங்குகிற மாதிரி, குழாய் திறக்கிற சத்தம், பாத்திரம் வைக்கிற சத்தம், தண்ணீர் கொதித்து விசில் அடிக்கிற சத்தம், ஷூ போட்டு நடக்கிற சத்தம், கடைசியில் கதவைப் பூட்டுகிற சத்தம். அதன் பிறகு முனகல் மட்டும். நமக்குச் சாயங்காலம் என்றால் பூரணிக்கு அது காலை, அவள் ஆபீஸுக்குக் கிளம்புகிற நேரம்.

இந்த மாதிரிக் கருவிகள் சில சமயம் ரேடியோவைப் பிடிக்கும், ஒயர் ஏரியல் மாதிரி வேலை செய்யும், அப்படி ஏதாவது நாடகமாக இருக்கும் என்று வடிவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு நாள் நம் வீட்டில் மின்சாரம் இருந்தும், பேன் ஓடிக்கொண்டிருந்தும், கீபோர்டு தானாக அணைந்துவிட்டது. மத்தியானம் முழுக்க அணைந்தே கிடந்து பொழுது சாயும் நேரத்தில் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் பூரணி கூப்பிட்டாள். ராத்திரி முழுக்க அங்கே பனிப்புயலாம், கரண்டே இல்லையாம், இப்போதுதான் வந்ததாம். வடிவு என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் நான் ரேடியோ என்ற பேச்சை எடுக்கவில்லை.

முதலில் வடிவுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஆனால் அதன் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவாள். “இன்னும் குளிக்கல, நேரமாச்சுல்லா” என்று தனக்குத்தானே பேசிக்கொள்வாள். மகள் அடுத்த அறையில் இருக்கிற மாதிரி. எனக்கும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது பிடித்துப்போய்விட்டது.

தை மாதம் நடுவில் அந்தச் சத்தங்கள் மாறின. விசில் சத்தம் நின்றது. ஷூ சத்தம் நின்றது. சாயங்காலம் கதவு பூட்டுகிற சத்தம் வருவதே இல்லை. இருமல் மட்டும் கேட்கும், கட்டிலில் புரண்டு படுக்கிற சத்தம் கேட்கும். நாங்கள் போனில் பேசும்போதெல்லாம் ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறேன், மீட்டிங் இருக்கிறது, நேரமில்லை என்றுதான் சொல்வாள். வீடியோவில் வரச் சொன்னால் நெட் சரியில்லை என்பாள்.

ஒரு நாள் காலையில், எங்கள் காலை, அவளுக்கு ராத்திரி, நான் அவளைக் கூப்பிட்டேன். கீபோர்டு எரிந்துகொண்டிருந்தது. என் காதில் மணி போவது கேட்கிறது, ஸ்பீக்கருக்குள்ளே அவள் போன் அடிப்பது கேட்கிறது, இரண்டும் ஒன்றாக. அங்கே கட்டில் கிறீச்சிட்டது. மூக்கைச் சிந்தினாள். இருமினாள். தொண்டையைச் செருமினாள், ஒரு தடவை, சரியில்லை என்று மறுபடியும். குரல் சரியாக வருகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி மெதுவாக, “அப்பா, அப்பா” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் போனை எடுத்தாள்.

“சொல்லுங்கப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன். இப்பதான் சாப்பிட்டு வந்து உக்காந்தேன்” என்றாள், கலகலவென்று.

வடிவு போனை வாங்கி ஏதோ பேசினாள், தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் போகிற பாதயாத்திரைக் கூட்டத்தைப் பற்றி, தோசை மாவு புளித்ததைப் பற்றி. பேசி முடித்துப் போனை வைத்தோம். வைத்ததும் அங்கே அவள் அழ ஆரம்பித்தாள். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கருவிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அது அடங்குகிறவரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வடிவு ஸ்பீக்கரில் வாயை வைத்து, “ஏட்டி பூரணி, அம்மா இங்கன இருக்கேம்ட்டி” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். கட்டைகளை அழுத்திப் பார்த்தாள். அங்கே எதுவும் போய்ச் சேரவில்லை. கேட்பதற்கு மட்டும்தான் வழி இருந்தது. எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட்டே கிடையாது. விண்ணப்பித்தேன், அது வந்து, விசா நேர்காணலுக்குத் தேதி கிடைத்து, போய்ச் சேருவதற்கு மாதக்கணக்காகும் என்றார்கள். கிளம்பி வந்துவிடு என்று நேராகவே சொன்னேன், நல்ல வேலையை விட்டுட்டு எதுக்குப்பா வரணும் என்று சிரித்தாள். ஒரு தடவை பொறுக்க முடியாமல், ராத்திரியெல்லாம் இருமுத போலிருக்கே, டாக்டர்ட்ட போனியா என்று கேட்டுவிட்டேன். “யாருப்பா சொன்னா?” என்று திருப்பிக் கேட்டாள். சும்மா கேட்டேன் என்று மழுப்பினேன். அன்றைக்கு இருமல் வரும்போதெல்லாம் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொள்வது எங்களுக்குக் கேட்டது.

வடிவு அன்றைக்குத்தான் என்னைக் கடிந்து பேசினாள். “நாம கேக்கோம்னு அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அந்த அழுகையையும் அடக்கிக்கிடுவா. அங்கனயாவது அழட்டும்” என்றாள்.

அந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்தவள் ஒருத்திதான், சுபா. மதுரைப் பெண், பூரணியோடு படித்தவள், காரில் கொஞ்ச தூரத்தில் குடியிருந்தாள். அவளிடம் பேசினேன். கேட்டால் நல்லா இருக்கேன்னுதான் மாமா சொல்றா, வீட்டுக்கு வர்றேன்னா இன்னைக்கு வேண்டாம்னு சொல்றா என்றாள். அவளுக்கும் கைக்குழந்தை, வேலை. அதற்கு மேல் அவளை என்ன நெருக்குவது.

மாசி மாதம் ஒரு காலை. நான் பல் தேய்த்துவிட்டு உள்ளே வருகிறேன், வடிவு கீபோர்டு முன்னால் நின்றபடி கையைக் காட்டிக் கூப்பிட்டாள். உள்ளே குழாய் திறந்திருந்தது. பொத்தென்று ஒரு சத்தம் கேட்டதாம், அப்புறம் எதுவும் இல்லை, தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் பூரணிக்குப் போட்டேன். ஸ்பீக்கருக்குள் போன் அடிக்கிறது, அடித்து அடித்து நிற்கிறது, தண்ணீர் ஓடுகிறது. மறுபடி போட்டேன். வடிவு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சுபாவைக் கூப்பிட்டேன். வாயில் என்ன வருகிறது என்று யோசிக்கவில்லை. “பூரணி விழுந்துட்டாம்மா, பாத்ரூம்ல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, போய்ப் பாரு” என்றேன். அவள் எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் போம்மா என்று மட்டும் சொன்னேன். போய்விட்டாள், நன்றாக இருக்கட்டும் அந்தப் பிள்ளை.

அவள் போய்ச் சேருகிறவரைக்கும் நாங்கள் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தெருவில் பள்ளிக்கூடத்து வேன் வந்து ஹாரன் அடித்தது, பால்காரர் மணியடித்தார், வடிவு எழுந்து போகவில்லை. பிறகு ஸ்பீக்கருக்குள் கதவைத் தட்டும் சத்தம். பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். பேச்சுக் குரல்கள், இங்கிலீஷில் ஓர் ஆண் குரல், சாவிக்கொத்துச் சத்தம், கதவு திறக்கும் சத்தம். “பூரணி, பூரணி” என்று சுபா அலறுவது எங்களுக்கு இங்கே கேட்டது. அந்த இடத்தில் குழாயை யாரோ மூடினார்கள். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் வடிவுக்குப் பிள்ளையின் மூச்சே நின்றுவிட்ட மாதிரி இருந்திருக்க வேண்டும், தரையில் சரிந்துவிட்டாள். பூரணிக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்பதை அவர்கள் பேச்சிலிருந்து எங்களால் பிரித்தறிய முடியவில்லை. எல்லோரும் வெளியே போனார்கள். முனகல் மட்டும் இருந்தது. சுபா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

உயிர் இருந்தது. நிமோனியா, கூடவே பல நாள் சரியாகச் சாப்பிடாத உடம்பு, எழுந்து குளிக்கப் போனவள் மயங்கி விழுந்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார்களாம். வேலை போய் ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. எங்களுக்குச் சொல்ல மனமில்லை, வேறு வேலையும் கிடைக்கவில்லை, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே தோன்றாமல் போயிருக்கிறது. தேறிய பிறகு சுபாவே வீட்டைக் காலி செய்து, சாமான்களை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அவளை விமானம் ஏற்றிவிட்டாள். பாத்ரூம்ல தண்ணி ஓடுதுன்னு எப்படி மாமா சொன்னீங்க என்று அவள் பிறகு கேட்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்மா என்றேன்.

பங்குனியில் பூரணி வந்தாள். எலும்பும் தோலுமாக வந்தவள் இந்த வீட்டுச் சோற்றில் மெல்ல மெல்லப் பழைய பூரணியாக ஆனாள். ஆற்றுக்கு அம்மாவோடு குளிக்கப் போவாள், சாயங்காலம் என்னோடு நடக்க வருவாள், சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள். இப்போது பாளையங்கோட்டையில் ஓர் ஆபீஸில் வேலைக்குப் போகிறாள். கீபோர்டை அவள் வருவதற்கு முன்னாலேயே கழற்றி, துணி போட்டு மூடிப் பின்கட்டு அறையில் வைத்துவிட்டேன். எங்களுக்குக் கேட்டதைப் பற்றி அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. எல்லாம் அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னால், பூரணி வேலைக்குப் போன பிறகு, நான் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பினேன். பின்கட்டு அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் உள்ளே வடிவு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே கீபோர்டு, சிவப்பு விளக்கு. அதே முனகல். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன், உதட்டில் விரலை வைத்தாள். ஸ்பீக்கருக்குள் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள். பெற்ற பிள்ளையின் இருமல் எனக்குத் தெரியாதா.

அந்த இடத்திலேயே பூரணிக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தாள், பின்னால் ஆபீஸ் சத்தம், யாரோ சிரிக்கிறார்கள். “என்னப்பா, வேலையா இருக்கேன், சாயங்காலம் பேசட்டா” என்றாள். அவள் குரல் என் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரில் அந்த இருமல் மறுபடியும் வந்தது. வந்து, தொடர்ந்தாற்போல அழுகை.

போனை வைத்துவிட்டு, “ஏளா, பூரணி இங்கனல்லா இருக்கா” என்றேன்.

“இருக்கா. இல்லன்னு நான் சொல்லலியே” என்றாள் வடிவு. கண்ணை ஸ்பீக்கரிலிருந்து எடுக்கவில்லை. “இவளுக்கு நாம இருக்கோம். அங்கன கெடக்கவளுக்கு யாரு இருக்கா?”

எவ்வளவு நாளாக இப்படி வந்து உட்காருகிறாய் என்று கேட்டேன். பூரணி வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து என்றாள். சுபாவைக் கூப்பிட்டு, பூரணி இருந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், புருஷன், பெண்டாட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றாள். ஸ்பீக்கரில் ஒரு நாளும் பிள்ளைகள் சத்தம் கேட்டதில்லை. அங்கே இருப்பது ஒருத்திதான். ஒயரைப் பிடுங்கி, கீபோர்டையும் பெட்டியையும் ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்திருக்கிறேன். வடிவு தடுக்கக்கூட இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், என்னால் முடியவில்லை.

இப்போதும் காலையில் பூரணியின் ஸ்கூட்டர் தெரு முனை திரும்பியதும் வடிவு அந்த அறைக்குப் போய்விடுகிறாள். நான் போவதில்லை. நேற்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

“அங்கன இப்பல்லாம் காலையில போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. யாரோ விடாமக் கூப்பிடுதாங்க. இவதான் எடுக்க மாட்டேங்கா.”

பூரணி அங்கே இருந்தபோது காலையில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான்தான். யார் கூப்பிடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.